புதிய இசைப் பத்திரிகைக்குப் பெயர்: "இசை" என்ற சொல் அதில் இருந்தே ஆகவேண்டுமா?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 6, காலை

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தமிழில் இசைக்கென்று ஒரு மாத இதழ் தொடங்குகிறோம். கர்நாடக சங்கீதம், நாகஸ்வரம், பறை, தெருக்கூத்துப் பாட்டு, திரையிசை, இப்போது பிள்ளைகள் வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடும் தனிப்பாடல் எல்லாம் வரும். 64 பக்கம், அச்சில். பெயரில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். என் கட்சி இதுதான்: பெயரில் "இசை" என்ற சொல் இருந்தே ஆகவேண்டும். கடையில் பார்க்கிறவருக்கு உடனே புரிய வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் சம்பந்தமில்லாத பெயர் வைத்துச் சமாளித்துவிடுவார்கள், நம் ஊரில் எடுபடாது. "இசை உலகம்", "இசைச் சாரல்", "ராகமாலிகா" மூன்றில் எது?

ஜனவரி 6, இரவு

மூன்றும் வேண்டாம். உங்கள் கட்சியையே மறுக்கிறேன்.

நம் ஊரில் எடுபட்ட பெயர்களைப் பாருங்கள். குமுதம் 1947ல் வந்தது. குமுதம் என்றால் ஆம்பல் பூ. அடுத்த ஆண்டு கல்கண்டு. 1965ல் கணையாழி, அதாவது மோதிரம். உள்ளே என்ன இருக்கிறது என்று இதில் எந்தப் பெயர் சொன்னது? பத்திரிகை தொடர்ந்து வந்து வந்து அந்தச் சொல்லுக்குப் புதுப் பொருளை ஏற்றியது. இன்று குமுதம் என்றதும் எத்தனை பேருக்குப் பூ நினைவுக்கு வருகிறது?

ராகமாலிகா நல்ல கர்நாடக சங்கீதச் சொல். ஆனால் பறையும் தெருக்கூத்தும் வரப்போகிறது என்கிறீர்கள். பறை அடிக்கிறவர் அந்த அட்டையைப் பார்த்தால் "இது நமக்கில்லை" என்று நகர்ந்துவிடுவார். பெயர் வாசல் மாதிரி. உள்ளே எல்லோருக்கும் பாய் விரித்துவிட்டு வாசலில் ஒரு சாராரை மட்டும் வாங்க என்றால் எப்படி?

பொருளைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. "இசை மாத இதழ்". அந்த வேலை அதனுடையது.

ஜனவரி 7, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பொருளையே பெயராக வைத்து நின்ற பத்திரிகைகளும் உண்டு. சி.சு. செல்லப்பா 1959ல் தொடங்கிய "எழுத்து". உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் ஊரிலிருந்து 1935 முதல் வரும் ஹிந்தி இசை மாத இதழின் பெயர் வெறும் "சங்கீத்". இரண்டிலும் ஒட்டு இல்லை, அலங்காரம் இல்லை. எழுத்து உலகம் என்றோ எழுத்துச் சாரல் என்றோ வைத்திருந்தால் இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஆக, "இசை" என்ற சொல்லே கூடாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வைத்தால் அதை மட்டும் வையுங்கள். "உலகம்", "சாரல்", "பூங்கா", "அருவி" எல்லாம் பெயரை நீட்டுமே தவிர நிறுத்தாது. வெறும் "இசை" இந்நேரம் உங்களுக்குக் கிடைக்குமா என்பது வேறு பேச்சு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 7, மாலை

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இதில் சூடு பட்டிருக்கிறேன்.

2003ல் நாங்கள் நான்கு நண்பர்கள் திருச்சியில் எட்டுப் பக்க இசை மடல் ஒன்று நடத்தினோம். கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, இருநூறு பிரதி. பெயர் "கமகம்". ஸ்வரத்தை நேராக நிறுத்தாமல் அசைத்துக் குழைப்பதுதான் கமகம். நம் சங்கீதத்தின் உயிரே அது. இதைவிட நல்ல பெயர் உண்டா என்று நால்வரும் ஒரே மனதாக வைத்தோம்.

தாளில் பார்த்தால் நல்ல பெயர். காதில் கேட்டால் "கமகம". முதல் மடல் வெளியீட்டுக்கு இடம் கொடுத்த சபா வாசல் பலகையில் சாக்பீஸால் "கமகம வெளியீட்டு விழா" என்றே எழுதி வைத்திருந்தார்கள். தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் "சமையலா சார்?" என்ற கேள்வி. இரண்டாம் மடல் போன பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது. ஊதா மையில், கோடு போட்டது போன்ற கையெழுத்தில், மணத்தக்காளி வத்தக்குழம்பு செய்முறை. புளி எலுமிச்சை அளவு, நல்லெண்ணெய் தாராளமாக, கடைசியில் துளி வெல்லம் என்று கவனமாக எழுதி, "பிரசுரத்திற்கு ஏற்றதாக இருந்தால் மகிழ்வேன்" என்று முடித்திருந்தார். யார் வழியாகவோ பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார். அவர் மேல் என்ன தவறு? எனக்கு இன்றும் அந்தக் கடிதத்தை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவு அக்கறையாக ஒருவர் எழுதும்படி நாங்கள் பெயர் வைத்து, கடைசியில் "மன்னிக்கவும், இது இசை மடல்" என்று பதில் போட வேண்டி வந்தது.

மூன்றாம் மடலில் பெயரை மாற்றினோம். அதில்தான் பெரிய அடி. பழைய மடல் நின்றுவிட்டது, இது வேறு யாரோ நடத்துவது என்று சந்தா கட்டியவர்களில் பலர் நினைத்துக்கொண்டார்கள். பெயரை ஒரு தடவைதான் வைக்க முடியும். அதனால் அச்சுக்குப் போவதற்கு முன் பத்துப் பேர் வாயிலும் காதிலும் போட்டுப் பாருங்கள், தாளில் மட்டும் பார்க்காதீர்கள்.

ஜனவரி 9

நேற்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக வாங்கும் பத்திரிகைக் கடையில் அரை மணி நேரம் நின்றேன். உங்களுக்காகத்தான்.

கடையில் பத்திரிகை எப்படித் தொங்குகிறது என்று நினைவிருக்கிறதா? நைலான் கயிறு, அதில் துணி கிளிப். இடம் குறைவு என்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் தொங்கும். ஒவ்வொன்றிலும் இடது ஓரம் நாலு விரற்கடை தெரியும், மீதியை அடுத்த பத்திரிகை மூடிவிடும். உங்கள் "இசை உலகம்" அங்கே தொங்கினால் "இ" தெரியும், "சை"யில் பாதி தெரியும். பெயரில் உங்களுக்கென்று உள்ள பகுதி மறைவில். எல்லோரும் இ-யில் தொடங்கினால் எல்லோருக்கும் அதே கதி.

கடைக்காரர் இருபது வருடப் பழக்கம். உங்கள் கேள்வியை அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பேர் தெரியாதவங்க பொருளச் சொல்லித்தான் கேப்பாங்க சார். சமையல் புக்கு இருக்கா, ஜோசிய புக்கு இருக்கா. அது மொத தடவ. புடிச்சுப் போச்சுன்னா ரெண்டாந் தடவ பேரச் சொல்லித்தான் கேப்பாங்க."

நான் ஆறாம் தேதி எழுதியதும் நீங்கள் கேட்டதும் இந்த ஒரு பேச்சில் இடம் கண்டுவிட்டன. முதல் தடவைக்கு அட்டைப்படமும் கீழ்வரியும் கடைக்காரரும் போதும். பெயர் இரண்டாம் தடவைக்கு. திரும்ப வருகிறவர் வாயில் தடங்கல் இல்லாமல் வர வேண்டும், கடைக்காரர் காதில் வேறொன்றாக விழக்கூடாது.

ஜனவரி 10

இன்னொன்று விட்டுப்போயிற்று. கொம்பில் தொடங்கும் எழுத்தை முதலில் வைக்காதீர்கள். கொ, கோ, செ, மே இதெல்லாம். நாலு விரற்கடையில் வெறும் கொம்பு மட்டும் தெரியும், எழுத்து மறைந்துவிடும். தமிழ், மலையாளம் போன்ற எழுத்துகளுக்கு உள்ள சங்கடம் இது. அட்டை வரைகிறவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் அவரே சொல்வார்.

ஜனவரி 12

"அப்படியானால் இசைக்குள்ளிருந்தே ஒரு சொல்லை எடுக்கலாமே" என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். எடுக்கும் முன் அந்தச் சொல் ஊரில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

நம் பேச்சில் இசைச் சொற்கள் நிறையப் புழங்குகின்றன, பெரும்பாலும் வசவாக. ஜால்ரா போடுகிறான். ஒத்து ஊதுகிறான். எல்லாவற்றுக்கும் தாளம் போடுகிறான். பழைய பல்லவியையே பாடுகிறான். பின்பாட்டு பாடுகிறான். நேரத்தை இழுத்தால் ஆலாபனை. குடித்தவனுக்குச் சுதி ஏறிவிட்டது. பத்திரிகைக்கு "ஜால்ரா" என்று பெயர் வைத்தால் முதல் இதழிலேயே யாருக்கு என்று கேட்பார்கள்.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒத்து ஊதுகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒத்து நாகஸ்வரத்தைப் போலவே நீளம், ஆனால் ஸ்வரம் பிடிக்க விரல் துளை கிடையாது. ஒரே சுருதி. நாகஸ்வரக்காரர் மூச்சு விடலாம், தவிலுக்கு விட்டுக்கொடுத்து வெற்றிலை போடலாம், சீவாளி மாற்றலாம். ஒத்துக்காரர் நிறுத்தக்கூடாது. கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் இழுத்து, சாமி புறப்பட்டு நிலைக்கு வரும் வரை அந்த ஒரு சத்தம் அறுந்துவிடாமல் காப்பார். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் சுருதிப் பெட்டி. அவ்வளவு பெரிய உழைப்பின் பெயரை நாம் ஆமாம்சாமிக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

உங்கள் இதழில் ஒத்துக்காரர் ஒருவரின் பேட்டி வர வேண்டும். பெயராக மட்டும் "ஒத்து" வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஏறிவிட்ட கெட்ட பேரை ஒரு மாத இதழால் கழுவ முடியாது.

ஜனவரி 13

பழந்தமிழ்ச் சுரப்பெயர்களில் ஒன்றை வைக்கலாமா என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஏழும் அழகு. ஒவ்வொன்றாக வாயில் போடுவோம்.

துத்தம் என்றால் விவசாயிக்கு மயில்துத்தம். இளி என்றால் இளிப்பு. தாரம் என்றால் மூத்த தாரமா, இளைய தாரமா. கைக்கிளை என்றதும் தமிழ் படித்தவருக்கு ஒருதலைக் காதல். விளரி இரங்கல் பண்ணின் பெயராகவும் நிற்கிறது, தொடக்கத்துக்கு வேண்டாம். உழை பரவாயில்லை, "உழைப்பு" காதில் விழுந்து தொழிற்சங்க ஏடு என்று நினைப்பார்கள். குரல் எல்லாவற்றிலும் சிறந்தது: சுரமும் அதுதான், தொண்டையிலிருந்து வருவதும் அதுதான். ஆனால் மக்கள் குரல் போலப் பத்திரிகை உலகம் அந்தச் சொல்லை அரசியலுக்கு எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாயிற்று.

நரம்பு என்றாலும் பழைய நூல்களில் சுரம்தான், யாழின் தந்தியும்தான். சொல் எவ்வளவு அருமை! இன்று அதை அட்டையில் போட்டால் சுவர் விளம்பரத்து வைத்தியர் ஞாபகம் வரும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் "யாழும் குழலும் சீரும் மிடறும்" என்று வருகிறதே, அந்த மிடறு எனக்குப் பிடித்திருக்கிறது. மிடறு என்றால் தொண்டை, வாய்ப்பாட்டு. ஒரு மிடறு தண்ணீர் என்று இன்றும் சொல்கிறோம். கெட்ட நிழல் இல்லாத சொல். குறித்து வையுங்கள். வாத்தியக்காரர்கள் "எங்களுக்கு எங்கே இடம்" என்று கேட்பார்கள் என்பதுதான் குறை.

ஜனவரி 15

பொங்கல் வேலையில் இருக்கிறேன், ஒன்று மட்டும். பட்டியலில் "லயம்" இருந்தது. இலங்கை மலையகத்து நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர்களுக்கு லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, ஒற்றை அறையில் ஒரு குடும்பம். அவருடைய பாட்டி அங்கேதான் பிறந்து அங்கேதான் செத்தார். தாள லயத்தைப் பற்றி நாம் கொஞ்சுகிற தொனியில் அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் கடந்தும் வாசகர் வேண்டும் என்றால் இதையும் பாருங்கள்.

ஜனவரி 16

"ப்ளேலிஸ்ட்" என்று வைத்தால் இளைஞர்கள் வருவார்கள் என்கிறார் உங்கள் மூன்றாமவர். கருவியின் பெயரையும் அன்றாட வழக்கத்தின் பெயரையும் வைக்காதீர்கள், பத்து வருடத்தில் பழசாகிவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே எதிர் உதாரணம் வந்து நிற்கிறது. லண்டனில் 1923ல் காம்ப்டன் மெக்கன்ஸி தொடங்கிய இதழின் பெயர் "கிராமபோன்". அந்தப் பெட்டி வீடுகளிலிருந்து போய், எல்.பி. வந்து, கேசட் வந்து, சி.டி. வந்து, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. இதழும் பெயரும் நூறு ஆண்டைத் தாண்டி நிற்கின்றன. அமெரிக்காவின் "பில்போர்ட்" 1894ல் சுவரொட்டித் தொழிலுக்காகத் தொடங்கியது. பெயர் அந்தப் பலகையிலிருந்துதான் வந்தது. இன்று பாட்டு வரிசைப் பட்டியல் என்றால் அந்தப் பெயர்.

அதனால் அந்த விதியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ப்ளேலிஸ்ட் வேண்டாம் என்பதற்கு என் காரணம் இப்போது வேறு: அது ஏற்கெனவே ஒவ்வொரு போனிலும் ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கிற சொல். யாருக்கும் சொந்தமாகாது.

லண்டனில் 1986ல் வந்த "க்யூ" இதழின் கதை உங்களுக்குப் பயன்படும். இசைத்தட்டில் முள்ளைச் சரியான இடத்தில் வைப்பதைக் குறிக்கும் "க்யூ" என்ற சொல்லைத்தான் முதலில் நினைத்தார்கள். ஸ்னூக்கர் ஆட்டக் கோலுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல், அதே எழுத்து. விளையாட்டுப் பத்திரிகை என்று நினைத்துவிடுவார்கள் என்று அதே ஒலியுள்ள ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார்கள். எங்கள் கமகம் பட்ட பாட்டை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஒற்றை எழுத்து என்றதும் நம் ஊர் "ழ" நினைவுக்கு வருகிறது. ஆத்மாநாம் 1978ல் தொடங்கிய கவிதை இதழ். ஒரே எழுத்து, அட்டையில் எங்கே வைத்தாலும் கண்ணை இழுக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டுமே வரும் துணிச்சல் என்றீர்களே, எட்டு வருடம் முன்பே இங்கே செய்தாயிற்று.

ஜனவரி 17

இப்போது சட்டம். அலுப்பாக இருந்தாலும் படியுங்கள், பெயரில் பாதி இங்கேதான் முடிவாகும்.

1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2023 வந்திருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் நடைமுறை. விண்ணப்பம் முழுக்க இணையத்தில், பிரஸ் சேவா தளம் வழியாக. நீங்கள் ஒரே பெயரோடு போகக்கூடாது. விருப்ப வரிசையில் சில பெயர்கள் கொடுக்க வேண்டும். கவனிக்க வேண்டிய விதி: வேறொருவர் வைத்திருக்கும் பெயரோடு ஒத்ததோ, அதைப் போன்றதோ, அதே மொழியில் இந்தியாவில் எங்கும் கிடைக்காது, அதே மாநிலத்தில் வேறு மொழியிலும் கிடைக்காது.

இந்தப் பின்பாதியைப் பலர் கவனிப்பதில்லை. உதாரணமாக "சுருதி". தமிழில்தானே வைக்கிறோம் என்று நினைப்பீர்கள். சென்னையில் 1983ல் பட்டாபிராமன் தொடங்கிய "ஸ்ருதி" ஆங்கில இதழ் இருக்கிறது. மொழி வேறானாலும் மாநிலம் ஒன்று. கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் எடுக்கக்கூடாது என்பேன். நாற்பது வருடமாகக் கட்டிக் காத்த பெயர் அது.

அப்புறம் வணிகக்குறி. 1999ஆம் ஆண்டுச் சட்டம். அச்சிட்ட பொருளுக்கு 16ஆம் வகுப்பு, கச்சேரியோ பயிலரங்கோ நடத்துவதாக இருந்தால் 41ஆம் வகுப்பும் வேண்டும். பொருளை வெறுமனே வர்ணிக்கும் சொல்லைத் தனி ஒருவருக்குக் கொடுக்கமாட்டார்கள். "இசை மாத இதழ்" என்பது யாருடைய சொத்தாகவும் ஆகாது. உங்கள் ஆறாம் தேதிக் கட்சிக்கு இது இன்னொரு அடி. "சரிகம" பக்கமே போகாதீர்கள், அது இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர்.

அமெரிக்காவில் 1990களில் ஓர் இளைஞர் "டர்ன்டேபிள்" என்ற பெயரில் இசை விமர்சன இணைய இதழ் தொடங்கினார். அதே பெயரில் வேறொரு தளம் உரிமை கோரியதும் மாற்ற வேண்டி வந்தது. மாற்றி வைத்த பெயர் "பிட்ச்போர்க்", வைக்கோல் வாரும் முள். எல்லோருக்கும் தெரிந்தது அந்தப் பெயர்தான். முதல் பெயர் கிடைக்கவில்லை என்றால் உடைந்து போகாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஜனவரி 20

திருவையாறு ஆராதனைக்குப் போய் வந்தேன். பஞ்சரத்னத்தில் ஆயிரம் வாய் சேர்ந்து பாடும்போது யாரும் தன் சங்கதியைத் தனியாகப் போடுவதில்லை, எல்லோரும் ஒரே பாடத்தில் போவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தச் சொல் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. சங்கதி.

என் அத்தை எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். திண்ணையில் உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் தட்டிக்கொண்டே பல்லவியின் முதல் வரியை வெறுமனே பாடுவார். அலங்காரம் எதுவும் இருக்காது. அடுத்த தடவை அதே வரி, மூன்றாவது எழுத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு. அதற்கடுத்தது அந்த வளைவை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறும். ஐந்தாவதில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், மாறவே இல்லை, வரி வளர்ந்துவிட்டது. நான் அவசரப்பட்டு ஐந்தாவதுக்குத் தாவினால் தாளம் போடும் கை நின்றுவிடும். "மொத சங்கதிய ஒழுங்காப் பாடுடா. அதுலதான் மத்ததெல்லாம் இருக்கு" என்பார்.

கிருதியில் இப்படிச் சங்கதிகளை அடுக்கி வளர்த்த முறைக்குத் தியாகராஜரைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் கச்சேரி பக்கமே போகாதவரும் இந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்கிறார். என்ன சங்கதி? ஒரு சங்கதி கேட்டியா? இசைக்காரருக்கு அது பாட்டின் வளர்ச்சி, மற்றவருக்கு அது செய்தி. பத்திரிகைக்கு இரண்டும் வேண்டும். பறைக்காரரும் சொல்வார், பாகவதரும் சொல்வார், இருவருக்கும் சொந்தச் சொல். வசவு ஏறாத சொல். கொம்பு இல்லை. என் பட்டியலில் இதுதான் முதலில்.

ஜனவரி 22

இரண்டு நாளாக இதையே யோசித்ததில் மூன்று தடைகள்.

ஒன்று, பாமாவின் நாவல் "சங்கதி", 1994. இதழ்ப் பதிவுக்கு நாவல் பெயர் தடையில்லை. ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் வருவது அதுதான், வர வேண்டியதும் அதுதான். இரண்டு, ஈழத்தமிழர்களின் செய்தித் தளம் ஒன்றும் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று, எழுத்து. என் தெருவில் ஒன்பது பேரிடம் போனைக் கொடுத்து, ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லைத் தட்டுங்கள் என்றேன். மூன்று விதமாகத் தட்டினார்கள், எல்லாம் அந்தத் "தி"யில். இணைய முகவரி வாங்குவதாக இருந்தால் மூன்றையும் வாங்கிப் போட வேண்டும். தமிழ் எழுத்திலேயே .இந்தியா முகவரி வாங்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஒன்பது பேரிடம் "கார்வை"யும் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் முடிந்து அடுத்தது எடுக்கும் வரை தாளம் தாங்கி நிற்கும் இடம் கார்வை. இசை தெரிந்தவருக்கு உடம்பு சிலிர்க்கும் சொல். நான்கு பேர் "பார்வை" என்றார்கள். கடைக்கார நண்பர் "கார் புக்கா சார்?" என்றார். விட்டுவிட்டேன்.

"எடுப்பு"ம் அப்படித்தான். பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அது எடுப்பு. எடுப்பான பெயர் என்றே தோன்றியது. பழைய தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு எடுப்பு என்றால் எடுப்புக் கக்கூஸ். மனிதரை வைத்து மனிதக் கழிவை அள்ள வைத்த காலத்தின் சொல். அதை அறிந்த பிறகு வைக்க மனம் வராது.

ஜனவரி 26

உங்கள் பதில் வந்தது. "சங்கதிக்கு முன்னால் ஏதாவது சேர்த்தால்?" என்று மூன்றாமவர் கேட்டு, அவரே "அடுத்த சங்கதி" என்று சொல்லியிருக்கிறார்.

படித்ததும் எழுந்து நடந்துவிட்டேன். ஒட்டுச் சொல் கூடாது என்று ஏழாம் தேதி எழுதியவன் நான். "உலகம்", "சாரல்" போல இது சும்மா வந்து ஒட்டவில்லை. அத்தை பாடிக்கொடுத்தது இதுதானே: ஒன்றைப் பாடினால் அடுத்த சங்கதி வர வேண்டும், முந்தினதை விடாமல் ஒரு படி கூட்டி வர வேண்டும். மாத இதழும் அப்படித்தான் வர வேண்டும். பேச்சிலும் "சரி, அடுத்த சங்கதி என்ன?" என்று தினமும் கேட்கிறோம். கயிற்றில் தொங்கினால் "அடு" தெரியும், கையை நீட்டி இழுத்துப் பார்க்கத் தோன்றும். நாவலோடும் செய்தித் தளத்தோடும் மோதாது.

குறை? நீளம். எட்டு எழுத்து. ஒரே வரியில் போட்டால் எழுத்து சிறுத்துவிடும், அதனால் "அடுத்த" மேலே சின்னதாக, "சங்கதி" கீழே பெரிதாக. ஜனங்கள் பேச்சில் "சங்கதி" என்று சுருக்குவார்கள், சுருக்கட்டும். மேலே எழுதிய என் ஒட்டு விதியை "வேலை செய்யாத ஒட்டு வேண்டாம்" என்று திருத்திக்கொள்கிறேன்.

ஜனவரி 27

கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அடுத்த சங்கதி வந்துருச்சா?" என்று வாசலில் நின்று கேட்டேன். "என்ன சங்கதி சார்?" என்றார். "இசைப் பத்திரிகை, புதுசு" என்றேன். "ஓ, பேரே அதானா" என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரரிடம் அவரே ஒரு தடவை சொன்னார். தப்பில்லாமல் சொன்னார். யாரும் சமையலா என்று கேட்கவில்லை.

ஜனவரி 29

விண்ணப்பத்தில் வரிசை இப்படி இருக்கட்டும்: அடுத்த சங்கதி, மிடறு, அப்புறம் வெறும் சங்கதி. மூன்றாவது கிடைப்பது கஷ்டம், கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை. கீழ்வரி "இசை மாத இதழ்". அந்த "இசை" என்ற சொல்லை நல்ல தடிமனில் போடுங்கள். நீங்கள் முதலில் கேட்டதும் அதைத்தான், முதல் தடவை வருகிறவருக்கு அது வேண்டும்.

எனக்கு முதல் இதழைத் தபாலில் அனுப்ப வேண்டாம். கடையில் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.